சும்மா வாயை மட்டும் அசை

ஆடி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை என்றாலே ஒரே ஓட்டம். கொழிஞ்சாம்பாறையில் எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் பாலக்காட்டில் பத்து மணி வகுப்புக்குப் போய்ச் சேரலாம். பாட்டு வகுப்பு. எனக்கில்லை, இரண்டரை வயது மகளுக்கு. அப்படி நினைத்துத்தான் சேர்த்தேன்.

ஒரு வீட்டின் மாடி, தரையில் பாய், எட்டுப் பிள்ளைகள். ஒன்றரை வயதுப் பொடிசும் உண்டு, நாலு வயதுப் பெரிய மனுஷியும் உண்டு. முதல் நாள் மகளைப் பாயில் உட்கார வைத்துவிட்டு நான் சுவரோரம் நாற்காலி தேடினேன். பஸ்ஸில் படிக்க ஒரு வாரப் பத்திரிகை வேறு வாங்கி வைத்திருந்தேன். நாற்காலியே இல்லை. டீச்சர், தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத எங்கள் பாலக்காட்டுப் பேச்சில் சொன்னார்:

"அம்மாவும் இவிடெ குட்டி பக்கத்துல உக்காருங்கோ. போன் பைக்குள்ள இருக்கட்டே. பாடப்போறது நீங்கதான். குட்டி பாடினா பாடட்டும், இல்லேன்னா வேண்டா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். நாலாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது நானும் உற்சாகமாகப் போய் நின்றேன். இரண்டு நாள் ஒத்திகை. மூன்றாம் நாள், வரிசையைச் சரிசெய்துகொண்டே வந்த ஆசிரியர் என் தோளில் கைவைத்து, "நீ சும்மா வாயை மட்டும் அசை, சத்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. நல்ல மனிதர்தான். வரிசையில் நிற்க விட்டாரே! ஆண்டு விழா வரைக்கும் வாயை அசைத்தேன். அதற்குப் பிறகு கோயிலில், கல்யாண வீட்டில், குளியலறையில்கூட நான் சத்தமாகப் பாடியதில்லை. மகள் பிறந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்து யூடியூபில் தாலாட்டுப் போட்டுவிடுவேன். நடுவில் விளம்பரம் வந்தால் பிள்ளை வீரிட்டு அழும்.

அப்படிப்பட்ட என்னை எட்டுக் குடும்பத்துக்கு நடுவில் பாடு என்றால்?

வகுப்பு நடக்கும் விதம் இதுதான். முதலில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு சின்ன மெட்டில் வைத்து எல்லோரும் பாடி வரவேற்கிறோம். பிறகு பிள்ளையை மடியில் வைத்துத் தாளத்துக்கு ஆட்டுவது, மெதுவாக, வேகமாக, திடீரென்று நிறுத்தி. பிறகு ஆளுக்கு இரண்டு தேங்காய்த்தொட்டி. (டீச்சருக்கு அது 'சிரட்ட', என் அம்மாவுக்கு 'சிரட்டை', எங்கள் மாமியார் வீட்டில் 'தொட்டி'. சத்தம் மட்டும் ஒன்றே.) அதைத் தட்டிக்கொண்டு வட்டமாக நடப்பது. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு தாலாட்டு. மொத்தம் முக்கால் மணி நேரம்.

முதல் வாரம் நான் பழைய வித்தையையே காட்டினேன். வாயை மட்டும் அசைத்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் விட்டுத் துழாவினாள். சத்தம் எங்கே போச்சு என்று தேடினாள் போல. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அடுத்த அடியைப் பாடிவிட்டேன். கரகரவென்று என்னவோ வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் பிள்ளையைப் பிடித்து வைப்பதே அவரவர்க்குப் பெரும்பாடாக இருந்தது.

ஐந்து வாரம் என் மகள் வகுப்பில் ஒரு சொல் பாடவில்லை. பஸ் காசும் நேரமும் வீண் என்று நினைத்திருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், சொம்பைத் தட்டிக்கொண்டு வரவேற்புப் பாட்டு முழுவதையும் பாடினாள். பெயர் வரும் இடத்தில் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர். டீச்சரிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. வகுப்பில் உம்மென்று இருக்கிற குட்டிகள் வீட்டில்தான் பாடுமாம். அதற்குத்தானே உங்களை உட்கார வைத்திருக்கிறேன், வீட்டில் இந்தப் பாட்டு நடமாட ஒரு ஆள் வேண்டாமா என்றார்.

மாமியார் மட்டும் விடவில்லை. "ஏம் புள்ள, அதுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்கக் காசு குடுத்துப்போட்டு, நீயே பாடிட்டு வாறயாக்கும்?"

நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னர் குழுவினர் செய்த ஒரு ஆராய்ச்சி 2012இல் வெளியானது. ஆறு மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வாரம் ஒரு வகுப்பாக ஆறு மாதம் வரவழைத்தார்கள். ஒரு கூட்டத்தில் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து பாடி, தட்டி, தாலாட்டுக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு கூட்டத்தில் ரெக்கார்டு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பெற்றோரும் பிள்ளையும் பொம்மை வைத்து விளையாடுவார்கள். பாட்டு இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் கூடப் பாடிய கூட்டத்துக் குழந்தைகள்தான் அதிகம் சிரித்தார்கள், கையை நீட்டிக் காட்டுவது, டாட்டா சொல்வது மாதிரியான சைகைகளில் முன்னே இருந்தார்கள், இசையில் எது பொருந்துகிறது எது உறுத்துகிறது என்று பிரிக்கும் காதும் அவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. நான் தொட்டில் பக்கத்தில் போனை வைத்தது இரண்டாவது கூட்டத்து வேலை என்று புரிந்தது.

இந்த ஆராய்ச்சிக்கு எத்தனையோ காலம் முன்பே ஜப்பானில் ஷினிச்சி சுசூகி இதைச் செய்துவிட்டார். 1898இல் பிறந்தவர், அப்பாவுக்கு வயலின் தொழிற்சாலை. ஜப்பானியக் குழந்தை எல்லாமே ஜப்பானிய மொழியைத் தடுக்கி விழாமல் பேசுகிறதே, அதே வழியில் ஏன் இசையும் வரக்கூடாது என்பது அவருக்குத் தோன்றிய கேள்வி. (எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகள் தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுவதைப் பார்த்திருந்தால் மனிதர் இன்னும் குதித்திருப்பார்.) அவர் முறையில் வயலின் முதலில் போவது பிள்ளையின் கைக்கு இல்லை, அம்மாவின் கைக்கு. அம்மா ஒரு சின்ன உருப்படியை வாசிக்கப் பழகுவாள். பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். எனக்கும் வேண்டும் என்று அது தானாக இழுக்கும்போதுதான் அதற்கு வயலின்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னால் எடுபடாது. அவரிடம் எடுபட்டது வேறு ஒன்று. அவர் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. பிள்ளைத்தமிழ் பற்றிப் பள்ளியில் படித்தது கொஞ்சம் நினைவிருந்தது. இருவரும் உட்கார்ந்து பருவங்களை எண்ணினோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. எண்ணிக்கொண்டு போகும்போதே எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது எங்கள் மாடி வகுப்பின் பாடத்திட்டமேதான்!

ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலையைத் தூக்கி, காற்றில் கீரை ஆடுகிற மாதிரி ஆடும் பிள்ளைக்கு. ஏழாம் மாதம் தால்: தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பின்னால் சிறுபறை வருகிறது, அதாவது கையில் ஒரு கொட்டு. இந்த மாதக் கணக்கும் வரிசையும் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பிள்ளையின் உடம்பு எப்போது எதற்குத் தயாராகும் என்று பார்த்துப் பார்த்துப் பாட்டு வைத்திருக்கிறார்கள். பெரியாழ்வாரும் குமரகுருபரரும் தெய்வத்தைப் பிள்ளையாக்கிப் பாடினார்கள், ஆனால் அந்தக் கணக்கு அடுப்படியிலிருந்து வந்த கணக்கு. அதில் இன்னொன்று பாருங்கள். பிள்ளைத்தமிழில் பாடுகிறவர் எப்போதுமே பெரியவர்தான். பிள்ளையின் வேலை கைகொட்டுவது, வருவது, முத்தம் தருவது. 'பாடப்போறது நீங்கதான்' என்று டீச்சர் சொன்னதும் இதைத்தான்.

மாமியார் யோசித்துவிட்டு, "அதுக்கு மாடி ஏறிக் காசு குடுக்கோணுமா?" என்றார். அதுவும் சரிதான். பதில் கீழே வருகிறது.

அதற்குமுன் பாலக்காட்டுக்காரர்களின் ஒரு வியாதியைச் சொல்லியாக வேண்டும். செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிற ஊர், கல்பாத்தித் தேருக்குச் சங்கீத விழா நடக்கிற ஊர். அதனால் வகுப்புக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: "சரளி வரிசை எப்ப ஆரம்பிப்பீங்க?" மூன்று வயதுப் பிள்ளை கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடம்! செம்பை அவர்களெல்லாம் அந்த வயதிலேயே தொடங்கவில்லையா என்று ஒருவர் டீச்சரிடம் வாதாடினார்.

தொடங்கினார்கள், ஆனால் எங்கே? செம்பை வைத்தியநாத பாகவதருக்கு முதல் குரு அப்பா அனந்த பாகவதர். 1923இல் மஞ்சப்பரையில் பிறந்த எம். டி. ராமநாதனுக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது அப்பா தேவேச பாகவதர். அதே வருடம் பிறந்த கே. வி. நாராயணசுவாமிக்குத் தாத்தாவும் அப்பாவும். இவர்கள் யாரும் அந்த வயதில் பாட்டு வகுப்புக்குப் 'போகவில்லை'. வீட்டுத் திண்ணையில் பெரியவர் பாடிக்கொண்டிருந்தார், பிள்ளை காலடியில் உருண்டுகொண்டிருந்தது. சீக்கிரம் ஆரம்பித்ததை மட்டும் பிடித்துக்கொண்டு, பெரியவர் தானே உட்கார்ந்து பாடியதை விட்டுவிட்டோம். இதில் எனக்கு ஒரு சின்னக் கோபமும் உண்டு. வாழ்க்கைக் குறிப்புகளில் அப்பாக்கள் பெயர்தான் குருவென்று வருகிறது. ஊஞ்சலும் லாலியும் நலங்கும் பாடிக்கொண்டே அந்தப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கித் திரிந்த அம்மாக்களும் பாட்டிகளும் எந்தப் பட்டியலில் வருவார்கள்?

புரட்டாசியில் அம்மா வந்திருந்தாள். மூணாறிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளாவுக்குள் நுழைய வேண்டும். வந்த களைப்பு தீருமுன்னே சனிக்கிழமை. "நீயும் வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் கேட்டேன், "ஏம்மா, என்னையத் தொட்டில்ல போட்டு நீ என்ன பாட்டும்மா பாடுவே?"

"நானெங்கட்டி பாடுனேன்? ஒன்னையக் காலம்பற ஆயாம்மாகிட்ட விட்டுட்டு மலையேறுனா, சாயங்காலம் கொழுந்து நிறுத்துட்டு வரதுக்குள்ள நீ தூங்கிருப்ப. பாடித் தூங்க வச்சதெல்லாம் ஆயாம்மாதான்."

இதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆயாம்மா என்றால் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்து ஆயா. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க வேலைக்கு நடுவே இரண்டு இடைவேளை என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம் வைத்தது. நல்ல சட்டங்கள்தான், அவற்றால்தான் என் தலைமுறை பிழைத்தது. பால் கொடுக்க நேரம் எழுதினார்கள். பாட்டுக்கு யார் எழுதுவார்கள்? அப்படி ஒன்று தேவை என்று யாருக்குத் தோன்றும்? பெற்றோர் கூட வர வேண்டும் என்று சொல்கிற எந்த வகுப்பும், கூட வர நேரமிருக்கிற பெற்றோருக்கு மட்டுமே ஆனது என்பது அன்று பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை விடுப்பு இல்லாத அம்மாவுக்கு அந்த மாடிப்படி கிடையாது.

அம்மா சத்தமாகக் குரல் எழுப்பியதாக அன்றுவரை எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறை. 2015 செப்டம்பரில் மூணாறு டவுனில் 20 சதவீத போனஸ் கேட்டுத் தோட்டப் பெண்கள் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று டிவியில் எல்லாம் காட்டினார்களே, அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டி, போனில் பேசினால் காற்று மட்டும் வந்தது.

வகுப்பில் அன்று டீச்சர் அம்மாவைப் பார்த்ததும், "அம்மம்மா ஒரு வீட்டுப் பாட்டு பாடட்டே" என்றார். எனக்குப் பழைய பயம். அம்மா பேசாமல் என் மகளை வாங்கிக் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். தாய்மாமன் என்னென்ன சீர் கொண்டுவருவான் என்று அடுக்கிக்கொண்டு போகும் நம் ஊர்த் தாலாட்டு. நடுவில் என் தம்பி பெயரையும், அவன் ஓட்டுகிற ஜீப்பையும் சேர்த்துவிட்டாள். மெட்டு மட்டும் அப்படியே ஒப்பாரி மெட்டு. இரண்டு அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். முடிந்ததும் என் மகள் சொன்னது: "இன்னொருக்கா."

திரும்பி வரும்போது கேட்டேன், "ஏம்மா, துட்டி வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கே?" "எனக்குத் தெரிஞ்சது ஒரே மெட்டுதான்ட்டி. பொறந்தாலும் அதுதான், செத்தாலும் அதுதான்" என்றாள். பாடத் தெரியாத அம்மா என்று இத்தனை வருடம் நான் நினைத்திருந்தவள்.

சுருதி சேரவில்லை என்று யாராவது முணுமுணுத்திருந்தால் நான் நஞ்சியம்மா பெயரை இழுத்திருப்பேன். அட்டப்பாடி இருளர் ஊரைச் சேர்ந்தவர், ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். முன்னோர் வாய்வழி வந்த பாட்டு. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காக 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும், சுருதிக்கு நிற்கத் தெரியாதவருக்கு விருதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கையால் விருதை வாங்கிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். அது மேடைக் கணக்கு. மடிக் கணக்கில் சுருதிப்பெட்டியே கிடையாது. பிள்ளைக்கு வேண்டியது தெரிந்த குரல், தெரிந்த வாசனை, ஆடுகிற மடி.

அப்பாக்களைப் பற்றி ஒரு வரி. என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் வந்தார். முதல் வாரம் வீடியோ எடுத்தார், டீச்சர் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டாவது வாரம் தேங்காய்த்தொட்டியை அவர் தட்டிய வேகத்தில் ஒரு குழந்தை அழுதுவிட்டது. கார்த்திகை மாத சரண கோஷம் தவிர அவருக்கு வேறு பாட்டும் தெரியாது. ஆனால் மகள் இப்போது தூங்கப் போவது அதைக் கேட்டுத்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இப்போது மாமியார் கேள்விக்குப் பதில். இதற்கு மாடி ஏறிக் காசு கொடுக்க வேண்டியதில்லை. என் கூச்சத்தை உடைக்க எனக்கு மாடி தேவைப்பட்டது, அவ்வளவுதான். எல்லாத் தெருவிலும் ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது, அதன் பெயர் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் பெரியவர்கள் என்ன செய்யலாம் என்று 'நவசேதனா' என்ற கையேட்டையும், மூன்றிலிருந்து ஆறு வரை 'ஆதார்ஷிலா' என்ற பாடத்திட்டத்தையும் 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டிருக்கிறது. மாதம் ஒரு நாள் பெற்றோரை அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார வைக்கும் நாளும் திட்டத்திலேயே உண்டு. எங்கள் அங்கன்வாடியில் போன மாதம் அந்த நாளில் வந்தவர்கள் மூன்று அம்மாக்கள். அப்பா ஒருவரும் இல்லை. சத்துமாவு வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் கிளம்பினோம்.

அங்கன்வாடி டீச்சரிடம் பேசியிருக்கிறேன். இந்த மாதம் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் எங்களுக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். மலையாளத் தாலாட்டு ஒன்று, தமிழ்த் தாலாட்டு ஒன்று, பெயர் சொல்லும் பாட்டு, தொட்டி தட்டி ஒரு சுற்று நடை. பாடப்போவது நாங்கள்தான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் வாங்க. தோட்ட வேலைக்குப் போகிற அம்மாக்களுக்காக நேரத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்திருக்கிறோம். வரும்போது வீட்டில் சும்மா கிடக்கிற இரண்டு தேங்காய்த்தொட்டியைத் தேய்த்துக் கழுவி எடுத்து வந்துவிடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், உப்புத்தாளால் ஒருமுறை உரசிவிடுங்கள்.